செல்லத்துரைக்கு முப்பத்தைந்து வாரம்

தாராவியைச் சேர்ந்த செல்லத்துரை என்ற அறுபத்தெட்டு வயது மனிதர் முப்பத்தைந்து வாரக் கர்ப்பமாக இருக்கிறார் என்று எங்கள் சாஃப்ட்வேர் ஒருமுறை அச்சடித்துக் கொடுத்தது. கரு நலம், கருப்பை இயல்பான அளவு என்றும் சேர்த்து எழுதி, கீழே டாக்டரின் கையெழுத்தையும் போட்டிருந்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: நிறுவனத்தின் வெற்றிப் பயணம். அந்தப் பயணம் முழுக்க நானும் கூட வந்தவள்தான். ஆனால் வெற்றி வந்த நாட்களில் மற்றவர்கள் மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்; வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவி என்ற முறையில் நான் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆகவே வெற்றியைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. செல்லத்துரையைப் பற்றித் தெரியும்.

எங்கள் அலுவலகம் அப்போது செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஸ்கேன் மையங்களுக்கு ரிப்போர்ட் எழுதும் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். மேஜைக் கணினியில் ஓடும் புரோகிராம். முதலில் கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கு மட்டும்தான் இருந்தது. நன்றாக விற்றதும் வயிறு, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க மேலிடம் ஆசைப்பட்டது. தாய் புரோகிராமைத் தொடாமல் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி பண்டில் செய்வது என்று முடிவாயிற்று.

பண்டில் என்பது ஒரு மூட்டை. ஒரு வேலைக்கு வேண்டிய நிரலும், அந்த வேலைக்கான விண்டோக்களை வரைந்து வைத்திருக்கும் ஃபைல்களும் அதற்குள் ஒன்றாக இருக்கும். அதை ஃபோல்டரில் போட்டால் தாய் புரோகிராம் எடுத்துக்கொள்ளும்; வேண்டாமென்றால் வெளியே எடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு விண்டோவைத் திறக்கச் சொல்லும்போது அதன் பெயரை மட்டும் சொன்னால் போதாது, எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் புரோகிராம் தன் சொந்த மூட்டையான தாய் மூட்டைக்குள் தேடும். மாட்டுங்கா மார்க்கெட்டில் நின்றுகொண்டு "மணி" என்று கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிற மணிதானே திரும்பிப் பார்ப்பான்?

எங்கள் தாய் மூட்டைக்குள் "ரிப்போர்ட்" என்ற பெயரில் பழைய கர்ப்ப ரிப்போர்ட் விண்டோ இருந்தது. புதிய இதயப் பண்டிலிலும் ஒரு விண்டோ இருந்தது. அதன் பெயரும் "ரிப்போர்ட்"தான்.

இதயப் பண்டில் வெளியாவதற்கு முன் அதைச் சோதிக்கவில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. அதன் சின்னத்துக்கு என்ன நிறம் என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். சிவப்பு நோயாளியைப் பயமுறுத்தும் என்றார் ஒருவர். இளஞ்சிவப்பு காதலர் தினம் மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் அரக்கு நிறத்தில் சமாதானம் ஆனார்கள். எழுத்துரு, லோகோ, பொத்தானின் மூலைகள் எவ்வளவு வளைய வேண்டும் என்பது வரை எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கிடைத்தது. உண்மையான தாய் புரோகிராமுக்குள் அந்தப் பண்டிலைப் போட்டு ஒருமுறை திறந்து பார்ப்பது மட்டும் யாருடைய பொறுப்பாகவும் இல்லை. பண்டிலை எழுதிய ஹாரூன் தன் மேஜையில் ஒரு குட்டிச் சோதனைப் புரோகிராம் வைத்திருந்தான். அதில் வேறு எந்த "ரிப்போர்ட்" விண்டோவும் கிடையாது. அங்கே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

ஒரு சனிக்கிழமை காலை செல்லத்துரை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். மாஹிமில் ஒரு மையத்தில் நெஞ்சுக்கு எக்கோ எடுத்திருந்தார். வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவருடைய குடும்ப டாக்டர் சிரித்துவிட்டு, சரியானதை வாங்கி வா என்று அனுப்பினாராம். மையத்தில் கேட்டால், இது சாஃப்ட்வேர் கோளாறு, திங்கட்கிழமைக்கு மேல் வாருங்கள் என்றார்களாம். ரிப்போர்ட்டின் அடியில் எங்கள் முகவரி சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் படியேறி வந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாள் மேஜை மேஜையாகப் போயிற்று. மொபைலில் படம் எடுத்தார்கள். வளைகாப்பு எப்போது என்று ஒருவர் கேட்டார். எங்கள் மேலாளர் கணேசன் தன் அறையிலிருந்து வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர், யார் மீதும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாது.

செல்லத்துரை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதைக் கோபம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கோபமாக வரும் வாடிக்கையாளருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் பெயரைச் சொல்லி மரியாதையாகப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. நான் தண்ணீர் கொடுத்து, அண்ணாச்சி, கோபப்படாதீங்க என்று ஆரம்பித்தேன்.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கோவமெல்லாம் இல்லம்மா. வீட்டுல அவ சிரிக்கா. டாக்டர் சிரிச்சாரு. நீங்களும் சிரிக்கிய. எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சுன்னா, என் நெஞ்சு எப்படி இருக்குன்னு யாராவது சொல்லுங்க. படியேறதுக்குள்ள எனக்கு உசுரு போய் வருது."

நான் ரிப்போர்ட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். கரு நலம், கருப்பை இயல்பு என்பதெல்லாம் பழைய விண்டோ தானாகப் போடும் வாசகங்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பத்தைந்து தானாக வராது. யாரோ ஒருவர் ஒரு கட்டத்துக்குள் அதைத் தட்டியிருக்க வேண்டும். அந்த மையத்தில் டாக்டர் நோயாளியைப் பார்த்தபடி எண்களைச் சொல்லிக்கொண்டே போவார், பின்னால் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே போவார். நாங்கள் மாதத்துக்கொரு முறை விண்டோவை மாற்றிப் பழக்கியிருந்ததால், தலைப்பு எப்படி மாறினாலும் கேள்வி கேட்பதை டைப்பிஸ்டுகள் நிறுத்திவிட்டிருந்தார்கள். டாக்டர்கள் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. ஒரே கிளிக்கில் எல்லா ரிப்போர்ட்டுக்கும் கையெழுத்து என்பது நாங்கள் விளம்பரம் செய்து விற்ற வசதி.

கர்ப்ப விண்டோவில் முதல் கட்டம் கருவின் வயது. இதய விண்டோவில் முதல் கட்டம் என்ன என்று ஹாரூனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு துடிப்பில் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற எண் என்றான். எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஐம்பதுக்கு மேல் என்றான். சொல்லிவிட்டு என் கையில் இருந்த தாளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

மாஹிம் மையத்துக்குப் போன் செய்து டாக்டரை லைனில் பிடித்தேன். ஸ்கேன் இயந்திரத்தில் அளவுகள் தனியாகப் பதிவாகியிருக்கும். அவர் தேடிப் பார்த்து, முப்பத்தைந்து சதவீதம்தான் என்றார். பிறகு, நோயாளி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். என் எதிரில் இருக்கிறார், மூன்று மாடி ஏறி வந்தார் என்றேன். இனி ஒரு படிகூட அவரை நடக்க விடாதீர்கள், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அங்கே நானே பேசுகிறேன் என்றார்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நடக்கக் கூடாத ஒருவரை எப்படி இறக்குவது? கூட்ட அறையில் மேலாளர்கள் உட்காருவதற்கென்று கைவைத்த கனமான நாற்காலிகள் இருந்தன. ஹாரூன் உள்ளே போய் ஒன்றை இழுத்து வந்தான். அதில் அடுத்து உட்கார வேண்டியவர் கையில் லேப்டாப்புடன் நின்றுகொண்டே, இது மீட்டிங் ரூமுக்கான நாற்காலி என்று நினைவுபடுத்தினார். செல்லத்துரையை அதில் உட்கார வைத்து, ஹாரூனும் வாட்ச்மேனும் இன்னும் இருவரும் சேர்ந்து மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே கணேசனின் கார் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சார் சொன்னார் என்று டிரைவரிடம் சொன்னேன். சார் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் அப்போது மேலே மீட்டிங்கைத் தொடங்கிக்கொண்டிருந்தார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் திரும்பி வந்தபோது மூலகாரணம் கண்டறியும் கூட்டம் முழு வேகத்தில் இருந்தது. தாய் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் குழு தங்கள் பக்கம் சரியாக இருப்பதாக நிரூபித்தது. ரிப்போர்ட் என்று கேட்டார்கள், ரிப்போர்ட்டைக் கொடுத்தோம், இதில் எங்கள் தவறு என்ன? பண்டில் குழுவும் நிரூபித்தது. ஹாரூனின் கணினியைப் பெரிய திரையில் இணைத்து, குட்டிச் சோதனைப் புரோகிராமில் இதய விண்டோ அழகாகத் திறப்பதைக் காட்டினார்கள். அரக்கு நிறச் சின்னம் உட்பட. இரண்டு தரப்பும் சொன்னது முழு உண்மை.

இவ்வளவு தப்பான விண்டோ திறந்தும் புரோகிராம் ஏன் செத்து விழவில்லை என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டங்களின் பெயர்கள் பொருந்தாவிட்டால் அது அங்கேயே நின்றுபோயிருக்கும். நிற்கவில்லை. ஏனென்றால் இதயப் பண்டிலைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கர்ப்ப ரிப்போர்ட்டின் நிரலையே நகலெடுத்து மாற்றும்படி மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்ற பழைய பெயர்கள் அப்படியே இருந்தன. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஹாரூன் எழுந்தான். தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவரின் மகன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

"சார், நான்தான் எந்த பண்டில்னு சொல்லல. அந்த எடத்த காலியா வுட்டுட்டேன். காலியா வுட்டா மெயின்லதான் தேடும். எனக்குத் தெரியும், ஆனா மறந்துட்டேன். ஒரு லைன் மாத்துனா போதும்."

அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. மூலகாரணம் கிடைத்துவிட்டது, அதற்கு ஹாரூன் என்று பெயர். ஒருவர் அதைத் தட்டச்சு செய்யவே தொடங்கிவிட்டார். நான் குறுக்கிட்டு, நிறத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள் பெயர்களையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள் என்றேன். தட்டச்சு நின்றது.

அடுத்ததாக, இதயப் பண்டில் போயிருக்கும் மற்ற மையங்களுக்கு இப்போதே போன் செய்து, அதை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்றேன். சனிக்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும் நாள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனையோ பேர் கையில் தவறான தாள் போய்க்கொண்டிருக்கும். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களையும் திரும்பக் கூப்பிட வேண்டும்.

கணேசன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"ஸ்டெல்லா, நீங்க சொல்றது ரைட். ஆனா இப்ப போன் பண்ணினா நம்மளே ஒத்துண்ட மாதிரி ஆயிடும். மொதல்ல ஒரு வேர்டிங் பண்ணிக்கலாம். திங்கக்கிழமை அப்டேட்லயே சேத்து அனுப்பிடலாம்."

வேர்டிங்குக்கு ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. தவறு என்ற சொல் கூடாது என்றார் சட்டம் தெரிந்த ஒருவர். கோளாறு என்பது கடுமையாக இருக்கிறது என்றார் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். காட்சியமைப்பில் ஏற்பட்ட சிறு ஒத்திசைவின்மை என்ற வாசகத்துக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் வெளியே வந்து என் மேஜையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பிரிவில் இருந்த எல்லாருக்கும் மையங்களைப் பிரித்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியது மூன்று விஷயங்கள்: இதயப் பண்டிலை வெளியே எடுங்கள். இன்று முதல் இதய ரிப்போர்ட்டை நாங்கள் சொல்லும் வரை கையால் எழுதுங்கள். கர்ப்பம் என்று போட்டுக் கொடுத்த எல்லா இதய ரிப்போர்ட்டையும் இயந்திரத்தின் எண்களோடு ஒப்பிட்டு, நோயாளிகளைக் கூப்பிடுங்கள். சிலர் திட்டினார்கள். சிலர், எங்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சிறிது நேரத்தில் குரல் மாறித் திரும்பக் கூப்பிட்டார்கள். பண்டில்கள் தனித்தனியாக இருந்ததால் ஒன்றை எடுத்ததும் மற்ற வேலைகள் நிற்கவில்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு நல்ல ஏற்பாடுதான்.

நடுவில் ஒருமுறை கணேசன் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். நான் போனை வைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தன் மொபைலைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். என்னைத் தடுக்கவில்லை என்பதை அவர் கணக்கில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மேலாளர் செய்யக்கூடிய உதவிகளில் அது சாதாரணமானதல்ல.

ஹாரூன் அந்த ஒரு வரியை மாற்றினான். தாய் மூட்டையில் தேடாதே, இந்த நிரல் எந்த மூட்டையில் இருக்கிறதோ அதிலேயே தேடு என்று. அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தான். தன் மூட்டையில் அந்த விண்டோ கிடைக்காவிட்டால், வேறு எதையும் திறக்காமல், விண்டோ இல்லை என்று சொல்லி நின்றுவிட வேண்டும். இதைக் கேட்டு விற்பனைப் பிரிவு பதறியது. வாடிக்கையாளர் முன்னால் எரர் வந்தால் அசிங்கம் என்றார்கள். ஏதாவது ஒரு விண்டோ திறந்தால் பரவாயில்லையே என்றார்கள். ஹாரூன் சார்பில் நான் கேட்டேன், உங்கள் அப்பாவுக்கு எந்த விண்டோ திறந்தால் பரவாயில்லை என்று. அந்த மாற்றம் உள்ளே போயிற்று.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். நின்றுபோகும் புரோகிராமைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். அதைப் பார்த்து நாலு பேர் திட்டுவார்கள், நீங்கள் சரிசெய்வீர்கள். நிற்காமல், எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கையெழுத்தும் போட்டு, தப்பை அழகாக அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராமைப் பார்த்துப் பயப்படுங்கள். செல்லத்துரை ஆணாக இருந்ததால் எல்லாரும் சிரித்தார்கள், சிரித்ததால் அவர் எங்களிடம் வந்தார். சிறுநீரகப் பண்டிலில் இதே கோளாறு நடந்து, அந்த ஸ்கேனுக்கு வந்த கர்ப்பிணி ஒருத்தியின் கையில் அந்தத் தாள் போயிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

செல்லத்துரை ஆஸ்பத்திரியில் இருந்து, மருந்துகளோடு வீடு திரும்பினார். சில மாதம் கழித்து சயானில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லிவிட்டார்கள் என்று பந்தியில் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, பிள்ளை எங்கே என்று கேட்பவர்களிடம் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருட ஆண்டு விழாவில் நெருக்கடியில் விரைந்து செயல்பட்டதற்கான விருது கணேசனுக்குக் கிடைத்தது. இனி எந்த இரண்டு விண்டோ ஃபைலுக்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தரக் குழு அமைத்திருப்பதாக மேடையில் அறிவித்தார். அவர் நிஜமாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். எல்லாரும் கைதட்டினோம்.

கைதட்டும்போது எனக்கு அந்தச் சனிக்கிழமை பேசிய போன்களில் ஒன்று ஞாபகம் வந்தது. டோம்பிவிலி மையத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இதய ரிப்போர்ட் தவறாகப் போயிருந்தது. படபடப்பு என்று வந்தவள். பெயர் ஜெயந்தி. இயந்திரத்தில் பார்த்துவிட்டோம், இதயத்தில் குறையில்லை, ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தமிழ் வராது, சொல்வதும் கஷ்டமாக இருக்கிறது, கல்யாணமாகி வெகு நாளாகக் குழந்தை இல்லையாம், நீங்களே பேசிவிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்தார்கள்.

அவள் லோக்கல் ட்ரெயினில் இருந்தாள். இரைச்சலில் என் பெயரைச் சொல்லி, ஸ்கேன் ரிப்போர்ட் விஷயம் என்றதும், ஒரு நிமிஷம் மேடம் என்று கதவுப் பக்கத்திலிருந்து உள்ளே நகர்ந்து வந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அது தவறான ரிப்போர்ட், எங்கள் தவறு, அதில் எழுதியிருப்பது உண்மையில்லை.

ஏதோ ஒரு ஸ்டேஷன் பெயரை ஒலிபெருக்கி சொல்வது கேட்டது.

"தெரியும் மேடம். அறுபத்திரெண்டு வாரம்னு போட்டிருந்துது. நான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், எனக்குக் கணக்கு தெரியாதா? வீட்ல யாருக்கும் காட்டல. சும்மா ரெண்டு நாள் என் பையிலயே வச்சிருந்தேன்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள், அப்படியென்றால் அறுபத்திரெண்டு என்பது என்ன என்று கேட்டாள்.

ஒரு துடிப்பில் உன் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம் என்றேன். அது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. எந்தக் குறையும் இல்ல."

"அப்ப சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று போனை வைத்தாள்.